குறட்டை ஒரு வியாதியா? சி-பேப் கருவியோடு வாழப் பழகுதல்



அப்போஸ்தலருடைய நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தில் ஐத்திகு என்ற வாலிபனைக் குறித்து வாசித்திருப்பீர்கள். துரோவாவில் மேல்வீட்டில் கூடியிருந்தபோது, பவுலின் பிரசங்கம் நடுராத்திரி வரை நீண்டது. ஜன்னலில் உட்கார்ந்திருந்த அவன் உறங்கிப்போய் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுல் இறங்கி ஓடி அவனைத் தழுவிக்கொண்டார். பிரசங்கத்தில் தூங்கினாயே என்று அவனைக் கடிந்துகொண்டதாக எங்கும் எழுதப்படவில்லை. அந்த வாலிபனுக்கு வியாதி இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அத்தனை நீண்ட பிரசங்கத்தில் சுகமுள்ளவனும் தூங்கலாம். ஆனால் நம் சபைகளில் பிரசங்கம் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் தலை சாய்கிறவர்கள் சிலர் உண்டு. வருஷக்கணக்கில் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம், அல்லது பக்தியில்லாதவர் என்று தீர்த்துவிடுகிறோம். அவர்களில் ஒரு பகுதியினர் வியாதியஸ்தர்கள் என்பதே இந்தப் பாடம்.

இரவில் நாம் உறங்கும்போது தொண்டையின் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவை அளவுக்கு மீறித் தளர்ந்து, நாக்கின் அடிப்பாகம் பின்னால் சரிந்து, காற்றுப் பாதை ஒட்டிக்கொள்கிறது. பாதி ஒட்டினால் குறட்டை. முழுவதும் ஒட்டினால் மூச்சு நிற்கிறது. பத்து விநாடி, இருபது விநாடி, சிலருக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல். இரத்தத்தில் பிராணவாயு குறையக் குறைய மூளை பதறி எழுப்புகிறது. ஒரு பெரிய செருமலோடு மூச்சு திரும்புகிறது. உறங்குகிறவருக்கோ இது ஒன்றும் நினைவில் இருப்பதில்லை. எட்டு மணி நேரம் படுத்திருந்தேன், ஆனாலும் களைப்புத் தீரவில்லை என்றுதான் காலையில் சொல்லுவார். மருத்துவர்கள் இதை ஸ்லீப் அப்னியா என்கிறார்கள்.

மணிக்கு 5 முறைக்குக் குறைவாக மூச்சு தடைப்படுவதைப் பொதுவாக வியாதியாக எண்ணுவதில்லை. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரமானது, 30-க்கு மேல் கடுமையானது. கடுமையான நிலையில் இருக்கிறவருக்குச் சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ கழுத்தை நெரித்து விடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்காமல் போகிறது. இருதயத் துடிப்புத் தாறுமாறாகலாம். பக்கவாதமும் நீரிழிவும் இதோடு கைகோத்து வருகின்றன. பருமனானவர்களுக்கு அதிகம் வரும் என்பது உண்மைதான். ஆனாலும் தாடையும் தொண்டையும் அமைந்திருக்கும் விதத்தால் நம்மவர்களுக்கு அவ்வளவு பருமன் இல்லாமலும் வருகிறது.

நம்முடைய பகுதியில் இதற்கு வேறொரு முகமும் உண்டு. நாமக்கல் லாரிகளும் எரிவாயு டேங்கர்களும், சங்ககிரி லாரிகளும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் இந்தியா முழுவதும் ஓடுகின்றன. சேலம், நாமக்கல் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் ஒரு டிரைவராவது இருப்பார். தூங்கி வழிகிறவர் தறிக்குடோனில் இருந்தால் நூல் அறும். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தால் என்ன ஆகும் என்று நாம் எழுத வேண்டியதில்லை.

டேங்கர் ஓட்டும் சகோதரர் ஒருவரை அவர் மனைவி நம் மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். அவருடைய பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. "எனக்கு ஒன்னுமில்லீங்க டாக்டர், இவதான் பயந்துக்கறா" என்றார் அவர். அந்த அம்மா சொன்னது வேறு: "ராத்திரி மூச்சே நின்னு போயிருதுங்க. நான் எந்திரிச்சு உக்காந்து எண்ணிட்டே இருப்பனுங்க. திரும்ப வந்தாத்தான் எனக்கு மூச்சு வருமுங்க." எங்கள் அனுபவத்தில், கேள்வித்தாள்கள் எல்லாவற்றையும்விடப் பக்கத்தில் படுக்கிறவருடைய சாட்சியே பெரிது. ஆகவே நோயாளியைத் தனியாக வரவேண்டாம் என்கிறோம். பரிசோதனை இரவில் அவருக்கு மணிக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட தடைகள் இருந்தன. சிகிச்சை பிடிபடும்வரை வண்டி ஓட்டக்கூடாது என்றோம். அவர் முகம் அப்போதுதான் மாறியது. வியாதிக்கு அல்ல, முதலாளிக்குத் தெரிந்துவிடுமே, படிக்காசு போய்விடுமே என்பதற்கே பயந்தார். அநேக டிரைவர்கள் பரிசோதனைக்கே வராமல் ஒளிவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு காலத்தில் இந்த வியாதி கடுமையானால் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைப்பதே வழியாயிருந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் வேறு வழி கண்டார். காற்றை ஊதும் கருவி ஒன்றை மூக்கில் பொருத்தும் முகமூடியோடு இணைத்து, இரவு முழுவதும் ஒரே அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினார். ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை அவரும் உடனிருந்தவர்களும் 1981-இல் லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள். இன்று உலகமெங்கும் பயன்படும் சி-பேப் கருவி அதிலிருந்து வந்ததே.

தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்ச விரிக்கும் தட்டையான ஓஸை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் நின்றிருக்கும்போது அது சப்பிக் கிடக்கும். மோட்டார் போட்டதும் உள்ளே வரும் அழுத்தத்தில் உருண்டு நிற்கும். சி-பேப் தொண்டைக்குச் செய்வது அதையே. அது ஆக்சிஜன் சிலிண்டர் அல்ல, "கடைசி நேரத்தில் வைக்கிற மெஷின்" அல்ல. அறையிலுள்ள சாதாரணக் காற்றைத்தான் மெல்லிய அழுத்தத்தோடு அனுப்புகிறது. இதைப் பலமுறை சொல்லவேண்டியிருக்கிறது. வீட்டில் மாஸ்கைக் கண்டதும் பிள்ளைகள் அழுவதும், மாமியார் உறவினருக்கெல்லாம் சொல்லியனுப்புவதும் நடக்கிறது.

கருவி வியாதியைக் குணமாக்குவதில்லை. போட்டிருக்கும் இரவில் மட்டும் தொண்டையைத் திறந்து வைக்கிறது. கண்ணாடி போல என்று சொல்லலாம். கழற்றினால் பழைய பார்வைதான். ஆகவே கருவியை வாங்கிக் கொடுப்பது சிகிச்சை ஆகிவிடாது. அதைப் போட்டுக்கொண்டு உறங்கப் பழகுவதே சிகிச்சை. அந்தப் பழக்கம் முதல் ஒன்றிரண்டு வாரங்களிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது என்று இதை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

நம் சகோதரர் முதல் இரவு அரை மணி நேரம் போட்டுவிட்டுப் பிடுங்கி எறிந்தார். ஓடும் லாரியில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியது போல இருந்தது என்றார். இது சரியான வர்ணனை. காற்றை எதிர்த்து மூச்சுவிடப் போராடினால் அப்படித்தான் இருக்கும். மறுநாள் எங்கள் செவிலியர் படுக்கைக்கு அனுப்பவில்லை. பகலில் நாற்காலியில் உட்காரவைத்து, மாஸ்கைக் கையால் பிடித்து மூக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். பின்பு வாரைப் போட்டு, ரேடியோ கேட்டுக்கொண்டே அரை மணி. இப்படி மூன்று நாள். அதன்பின்பே இரவு. குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, உறக்கம் வரும் நேரத்துக்குள் மெல்ல ஏறும்படி கருவியில் வசதி உண்டு. அதை யாரும் அவருக்குப் போட்டுக் காட்டியிருக்கவில்லை.

அடுத்த தொந்தரவு காற்றுக் கசிவு. அவருக்கு நல்ல அடர்ந்த மீசை. மீசையின் மேல் மாஸ்க் சரியாக உட்காராது. எடுக்கச் சொல்ல எங்களுக்குத் துணிவில்லை! மூக்குத் துவாரத்திலேயே பொருந்தும் சிறிய வகை மாஸ்கைக் கொடுத்தோம். கசிந்தால் எல்லாரும் செய்யும் தவறு வாரை இறுக்குவது. இறுக்கினால் மூக்குத் தண்டில் புண் வரும், கசிவும் நிற்காது. படுத்த நிலையில், காற்று ஓடும்போது சரிசெய்து, இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வாக விட வேண்டும். படுக்கும் முன் முகத்தில் எண்ணெய் இருந்தாலும் மாஸ்க் வழுக்கும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் படுப்பது நல்லது. வாய் திறந்து உறங்குகிறவருக்கு நாக்கு வறண்டுபோகும். அவர்களுக்கு வாயையும் மூடும் மாஸ்க் தேவைப்படலாம். மூக்கடைப்பு இருந்தால் அதற்கு முதலில் மருந்து. சிலருக்குக் காற்றை விழுங்கி வயிறு உப்பும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளச் சொல்லக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் மாற்று உண்டு.

நம் சமவெளியின் தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். கருவியோடு வரும் சிறு தொட்டியில் நீர் ஊற்றினால் காற்று ஈரமாகி மூக்கு வறளாது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றினால் சில வாரங்களில் வெள்ளைக் காறல் படிந்துவிடும். காய்ச்சி வடித்த நீரே வேண்டும். அது மருந்துக் கடையில் கிடைக்கும். பேட்டரிக்கு ஊற்றும் பாட்டில் தண்ணீர் வேண்டாம். மீந்த நீரைக் காலையில் கொட்டிவிட வேண்டும். விசைத்தறி இருக்கும் வீடுகளில் பஞ்சுத் தூசி வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்து நோயாளிகளுக்கு வாரந்தோறும் அதைப் பார்க்கச் சொல்லுகிறோம். மின்சாரம் நின்றால் கருவியும் நிற்கும். உயிருக்கு ஆபத்து என்று பயப்படத் தேவையில்லை, மாஸ்கில் வெளிக்காற்று வர வழி உண்டு. ஆனால் அந்த இரவின் உறக்கம் போய்விடும். ஆகவே இன்வர்ட்டர் உள்ள வீட்டார் அதில் இணைத்துக்கொள்ளலாம்.

டிரைவருக்கு வீடு என்பது மாதத்தில் சில நாட்களே. மற்ற இரவுகள் கேபினில். பெரிய லாரிகளின் பேட்டரி 24 வோல்ட். கருவிக்கென்று செய்யப்பட்ட மாற்றியை வைத்தே இணைக்கவேண்டும். மெக்கானிக் ஒயரை வெட்டி ஒட்டிக்கொடுத்தால் கருவி புகைந்துவிடும். வண்டிக்குள் தண்ணீர்த் தொட்டியைக் கழற்றிவிட வேண்டும், சாய்ந்தால் நீர் மோட்டாருக்குள் போகும். என்ஜினை நிறுத்தி, இறங்கி, வண்டியை ஓரங்கட்டி ஆறு மணி நேரம் உறங்க முதலாளி நேரம் கொடுக்கவேண்டுமே, அதற்கு எந்தக் கருவியும் இல்லை. நம் சகோதரரின் முதலாளியிடம் அவருடைய சம்மதத்தோடு எங்கள் மருத்துவர் நேரில் பேசினார். அதுவரை பட்டறை வேலையில் வைத்துக்கொள்ள அவர் ஒத்துக்கொண்டது தேவனுடைய கிருபை. எல்லா முதலாளிகளும் அப்படி அல்ல.

அதிகம் எதிர்பார்க்கவும் கூடாது. 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில், ஏற்கெனவே இருதய நோயோ பக்கவாதமோ கண்டிருந்த 2,700-க்கு மேற்பட்டவர்களைச் சில வருஷங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். இந்தியரும் அதில் இருந்தார்கள். சி-பேப் போட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாகக் காணவில்லை. ஆனால் பகல் தூக்கம் குறைந்தது, மனச்சோர்வு குறைந்தது, வேலைக்குப் போகாத நாட்கள் குறைந்தன. அவர்கள் கருவியைப் போட்டது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பொதுவாக நான்கு மணி நேரமாவது, பத்து இரவில் ஏழு இரவாவது போட்டால்தான் பயன்படுத்துகிறார் என்று கணக்கு. கருவி தானே இந்தக் கணக்கை எழுதிவைக்கிறது. "தினமும் போடறனுங்க" என்பவரின் கருவியில் ஒரு மணி நேரம் என்று பதிவாகியிருப்பதைப் பார்த்திருக்கிறோம். அப்போது திட்டுவதில்லை. எது தொந்தரவு என்றுதான் கேட்கிறோம்.

கருவியோடு எடையைக் குறைப்பதும், மதுவையும் மருத்துவர் சொல்லாத தூக்க மாத்திரையையும் விடுவதும், மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பதும் உதவும். பனியனின் முதுகில் ஒரு டென்னிஸ் பந்தைத் தைத்துவைப்பது சிரிப்புக்குரியதாகத் தோன்றலாம். லேசான வியாதியுள்ள சிலருக்கு அதுவே பயன்படுகிறது.

பெண்களைக் குறித்து ஒரு வார்த்தை. பெண் குறட்டை விடுகிறாள் என்று நம் வீடுகளில் யாரும் வாய் திறப்பதில்லை. அவர்களும் தூங்கி வழிகிறேன் என்று சொல்லாமல் அசதி, தலைவலி, மறதி என்றே சொல்லுகிறார்கள். இரத்த சோகை என்று டானிக் எழுதி அனுப்பிவிடுவது எளிது. மாதவிடாய் நின்ற சகோதரிகளில் இது அதிகம். பெண்கள் ஐக்கியக் கூட்டங்களில் இதைப் பேசும்படி வேண்டுகிறோம்.

அமெரிக்காவில் ரெஜி ஒயிட் என்ற பிரபல கால்பந்து வீரர் இருந்தார். அவர் நியமனம் பெற்ற சுவிசேஷ ஊழியரும்கூட. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி, 43-ஆம் வயதில், உறக்கத்திலிருந்தபோது அவருடைய இருதயத் துடிப்பு நிலைகுலைந்து மரித்தார். ஸ்லீப் அப்னியாவும் அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்று பரிசோதித்த மருத்துவ அதிகாரி சொன்னார். அவர் மனைவி அழுதுகொண்டு இருந்துவிடவில்லை. வாங்க வசதியில்லாதவர்களுக்கு இந்தக் கருவி கிடைக்க வழிசெய்யும் ஊழியத்தைக் கணவர் பெயரில் நடத்தினார்.

நீங்களும் கருவிக்காகக் காணிக்கை அனுப்புகிறீர்கள். நன்றி. எங்கள் விண்ணப்பம் ஒன்று உண்டு. சில பத்தாயிரம் ரூபாய் செலவில் கருவியை வாங்கி, படம் எடுத்து, பத்திரிகையில் போடுவது எளிது. அந்தக் கருவி இரண்டு மாதத்தில் பரணுக்குப் போய்விடாதபடி, முதல் மாதத்தில் செவிலியர் வீட்டுக்கு வீடு பேருந்தில் போகிறாரே, அந்தப் பயணச் செலவுக்கும், வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்றவேண்டிய மாஸ்குக்கும் கொடுக்கிறவர்கள் குறைவு. படம் எடுக்க அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் "கருவி நிதி" என்று குறித்து அனுப்பும் காணிக்கையை இதற்கும் செலவிட அனுமதி தாருங்கள்.

வெளிநாட்டிலுள்ள உங்கள் பிள்ளைகள் பயன்படுத்திய கருவிகளை அனுப்ப விரும்பினால் முன்பே எங்களுக்கு எழுதுங்கள். 2021 ஜூன் மாதத்தில் பிலிப்ஸ் நிறுவனம் தன்னுடைய லட்சக்கணக்கான கருவிகளைத் திரும்ப அழைத்தது. உள்ளே ஒலியைக் குறைக்க வைத்திருந்த நுரைப்பஞ்சு சிதைந்து, துகளும் வாயுவும் மூச்சோடு போகக்கூடும் என்பதே காரணம். ஆகவே கருவியின் அடியிலுள்ள மாடல் பெயரையும் வரிசை எண்ணையும் எழுதியனுப்பினால் சரிபார்த்துச் சொல்லுவோம். பழைய மாஸ்கும் குழாயும் அனுப்பவேண்டாம்.

அந்தச் சகோதரர் நான்காம் மாதம் பரிசோதனைக்கு வந்தபோது கருவியில் சராசரி ஐந்தரை மணி நேரம் காட்டியது. மருத்துவர் ஒப்புதல் கொடுத்தபின் மறுபடியும் வண்டி ஏறியிருக்கிறார், இப்போதைக்குப் பகல் ஓட்டம் மட்டும். அவர் மனைவியிடம் எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்டோம். "சத்தமே இல்லீங்க. அதனால இப்பவும் ரெண்டு தடவ எந்திரிச்சு மூக்குக்கிட்ட கை வச்சுப் பாத்துக்கறனுங்க" என்றார்.