பசுமை மின்துறையில் எழுத்து வேலை: எந்த வாசலில் நுழைவது?

இதழியலோ விஷுவல் கம்யூனிகேஷனோ முடித்துவிட்டு, "சோலார், காற்றாலைப் பக்கம் நமக்கு ஏதாவது வேலை இருக்குமா?" என்று கேட்கும் பிள்ளைகள் இப்போது அதிகம். இருக்கிறது. அதிலும் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்பவர்களுக்கு வசதி கூடுதல். முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகள் எழுந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஓடுகிறது. கங்கைகொண்டானில் டாடா பவர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் என்று பேனல் செய்யும் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. இங்கெல்லாம் எழுதவும் பேசவும் ஆள் தேவைப்படுகிறது.

ஒரே படிப்புக்கு ஐந்தாறு வாசல்கள் திறந்திருப்பதுதான் குழப்பம். சம்பளத்தை வைத்துத் தேர்வு செய்வது இயல்பு. அதோடு இன்னொன்றையும் பாருங்கள்: நீங்கள் எழுதிய வரி தப்பாக இருந்தால் அதை யார் கண்டுபிடிப்பார், எத்தனை நாளில்? இந்தத் துறையில் ஒருவர் தேறுகிறாரா, தேங்குகிறாரா என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைகிறது.

முதலில் பெரிய கம்பெனி. மின் நிலையம் நடத்துபவை, காற்றாலை செய்பவை, பேனல் செய்பவை எல்லாம் இதில் அடங்கும். மாதம் தவறாத சம்பளம், இன்ஷூரன்ஸ், சொந்தக்காரர்களிடம் சொன்னால் புரிகிற பெயர். ஆனால் வேலை நேரத்தில் பெரும்பகுதி ஒப்புதல் வாங்குவதில் போகும். பங்குச்சந்தையில் பட்டியலான நிறுவனம் என்றால், பெரிய ஆர்டர் கிடைத்த செய்தி முதலில் சந்தைக்குப் போக வேண்டும்; பத்திரிகைக்கு அப்புறம்தான். சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 முதல் செபி சொன்ன வடிவத்தில் 'பி.ஆர்.எஸ்.ஆர்.' அறிக்கை தர வேண்டும். தண்ணீர் எவ்வளவு செலவானது, கார்பன் எவ்வளவு வெளியானது, விபத்து எத்தனை என்றெல்லாம் அதில் வரும். பத்துத் துறைகளிடம் எண்களை வாங்கி, ஒன்றோடொன்று முட்டாமல் அதைத் தொகுக்கத் தெரிந்தவருக்கு அங்கே தனி மரியாதை.

இங்கே உங்கள் தப்பைக் கண்டுபிடிப்பது லீகல் துறை. வரி வெளியே போகும் முன்பே வெட்டிவிடுவார்கள். பாதுகாப்புதான், ஆனால் ஏன் வெட்டினார்கள் என்று உட்கார்ந்து சொல்லித்தர யாருக்கும் நேரமிருக்காது. தலைமை அலுவலகத்தை விட்டு நகராமல், ஒரு சப்ஸ்டேஷனுக்குள் கால் வைக்காமல் பதவி உயர்வு வாங்கியவர்களும் இந்த வாசலில் உண்டு.

பி.ஆர். ஏஜென்சி பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் காற்றாலை, மத்தியானம் சிமென்ட், சாயங்காலம் ஷாம்பு. பத்திரிகை நண்பர்கள் சேர்வார்கள், வேகம் வரும், துறை அறிவு வராது. ஒன்று மட்டும் கவனியுங்கள். 'பசுமை', 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்றெல்லாம் ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்வதைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் நெறிமுறை வெளியிட்டது. விளம்பரம் செய்யும் ஏஜென்சியையும் அது கட்டுப்படுத்தும். கிளையன்ட் சொன்னார், எழுதினேன் என்று கை கழுவ முடியாது.

நான் அதிகம் பரிந்துரைப்பது யாரும் ஆசைப்படாத ஒரு வாசலை. கோவை, மதுரை, திருச்சி என்று ஊருக்கு ஊர் மொட்டை மாடியில் சோலார் போட்டுத் தரும் சின்னக் கம்பெனிகள். மொத்தமே பத்துப் பதினைந்து பேர். போஸ்டரும் நீங்கள்தான், வீடியோவும் நீங்கள்தான், ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் பதில் போடுவதும் நீங்கள்தான். வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்த பிறகு இந்த வியாபாரம் சூடு பிடித்திருக்கிறது.

அங்கே தயாராகும் ஒரு போஸ்டர் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "இனி கரண்ட் கட் கவலை இல்லை! 3 கிலோவாட் சோலார்! பில் ஜீரோ! ரூ.78,000 தள்ளுபடி!"

நான்கு வரியில் மூன்று வில்லங்கம். பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டரை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அடுத்தது ஜீரோ. 3 கிலோவாட் நம் ஊர் வெயிலில் சராசரியாக நாளைக்கு 12 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டு ஏ.சி. ஓடும் வீட்டில் அது ஜீரோவுக்குப் பக்கத்தில்கூட வராமல் போகலாம். கடைசியில் அந்த 78,000. அது கம்பெனி குறைத்துக் கொடுக்கும் விலை இல்லை. 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போடுபவருக்கு அரசு தரும் மானியம். பேனல் மாட்டி, நெட் மீட்டர் வைத்து, பதிவெல்லாம் முடிந்த பிறகு வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்கு வரும். 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000.

இதைத் திருத்தி, "நாளைக்குச் சராசரி 12 யூனிட். பகலில் உங்கள் செலவு போக மீதி ஈ.பி.க்குப் போய்ப் பில்லில் கழியும். கரண்ட் இல்லாத நேரத்துக்குப் பேட்டரி தனி. மானியம் பின்னால் உங்கள் கணக்கில் வரும்" என்று எழுதினால் ஓனர் முகம் சுளிப்பார். கவர்ச்சி போச்சே என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய போஸ்டரே போயிருந்தால், அடுத்த பில் வந்த அன்று "ஏம்மா, ஜீரோன்னு சொன்னீங்களே, 1,400 வந்திருக்கு?" என்று போன் வருவது உங்களுக்குத்தான். தப்பு இரண்டே மாதத்தில் வீடு தேடி வரும் வேலை இது. ஒரு வருஷம் இந்த போன்களை எடுத்தவருக்கு மின்சாரம் பற்றி எழுத வேறு வகுப்பு வேண்டியதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். சம்பளம் குறைவு. மழைக்காலத்தில் ஆர்டர் சுருங்கினால் தேதி தள்ளும். எழுதுவதற்கென்று எடுத்துவிட்டு, மாதம் இத்தனை வீடு பிடித்துத் தா என்று டார்கெட் வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு வாசல், பலருக்கு இது எழுத்து வேலை என்றே தெரியாது. மின் நிலையம் வரப்போகிற ஊரில் போய்ப் பேசுவது. காற்றாலை இறக்கையை ஏற்றிய லாரி திரும்ப முடியாத தெரு, மழைத்தண்ணீர் வரும் ஓடையில் கொட்டிய மண், காட்டுக்குக் குறுக்கே போகும் கம்பி என்று ஆயிரம் கேள்வி வரும். பேசத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையின் மன்னாரைப் பாருங்கள். அங்கும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை போட அதானி திட்டமிட்டது. பறவைகள் வலசை வரும் பாதை, மீனவர் வாழ்க்கை என்று எதிர்ப்பு வலுத்து, வழக்குகள் வந்தன. புதிய அரசு மின்சார விலையை மறுபடி பேச வேண்டும் என்றது. 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. விலைதான் பெரிய காரணமாக இருக்கட்டும், ஊர் கூடவே நின்றிருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

நம் பக்கம் கடலுக்குள் காற்றாலை வரப்போகிறது. குஜராத்துக்கு 500, தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட் என்று மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. வலை போடும் இடம் என்ன ஆகும், கேபிளுக்கு மேலே படகு போகலாமா என்று கேட்கும் மீனவருக்கு, சென்னையில் அச்சடித்த துண்டுப்பிரசுரம் போதாது. தென்மாவட்டக் கரையோரப் பிள்ளைகளுக்கு இங்கே யாரும் போட்டியே இல்லை. எச்சரிக்கை ஒன்று: "ஊர்க்காரர்களுக்கு வேலை கிடைக்கும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். கட்டும்போது ஆள் நிறைய வேண்டும். கட்டி முடித்த சோலார் நிலையத்தில் பேனல் துடைக்கவும் காவலுக்கும் போக மிச்ச வேலை கொஞ்சம்தான். எழுத்தில் உள்ளதை மட்டும் சொல்லுங்கள். இங்கே உங்கள் தப்பு அன்று சாயங்காலமே டீக்கடையில் தெரிந்துவிடும்.

ஆய்வு நிறுவனங்களின் சுபாவம் இதற்கு நேர் எதிர். டெல்லியில் சி.இ.இ.டபிள்யூ., புனேயில் பிரயாஸ், சென்னையில் சி.ஏ.ஜி., ஆரோவில்லில் ஆரோவில் கன்சல்டிங் போன்றவை. எண்பது பக்க அறிக்கையை இரண்டு பக்கமாக்குவது, மின் கட்டணம் பற்றிய பொது விசாரணைக்குக் குறிப்பு தயாரிப்பது என்று வேலை நிதானமாகப் போகும். எண்களோடு பழக இதைவிட நல்ல இடமில்லை. ஓர் உதாரணம்: நாட்டின் மின் நிலையத் திறனில் பாதி, நிலக்கரியும் எரிவாயுவும் சாராதது என்ற நிலையை இந்தியா 2025 நடுவில் எட்டியது. இதை "பாதி மின்சாரம் பசுமையானது" என்று எழுதினால் தப்பு. சூரியன் ராத்திரி இல்லை, காற்று ஆடியில் அடிப்பதுபோல் மார்கழியில் அடிப்பதில்லை. உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரிதான். அந்தப் பாதியில் பெரிய அணைகளும் அணு உலைகளும் சேர்த்தி என்பது வேறு. இந்த வித்தியாசத்தைப் பிடிக்கும் ஆய்வாளர் பக்கத்து மேஜையில் இருப்பார். ஆனால் நன்கொடைத் திட்டம் முடிந்தால் வேலையும் முடியலாம், எழுத்து பெரும்பாலும் ஆங்கிலம்.

பத்திரிகையில் இருந்தபடியே இந்தத் துறையை எழுதுவதும் ஒரு வழிதான். சுதந்திரம் உண்டு, வருமானத்துக்கு வேறு ஏதாவது வேண்டும்.

யார் எங்கே போவது? படிப்புக் கடன் தலைக்கு மேல் இருந்தால் பெரிய கம்பெனிக்கே போங்கள்; ஆனால் மாதம் ஒரு தடவையாவது நிலையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பத்து வருஷம் செய்தியாளராக இருந்துவிட்டு மாறுபவருக்கு ஆய்வு நிறுவனம் பொருந்தும், எண்ணையும் மனிதரையும் கேள்வி கேட்கப் பழகியவர் அவர். இருபத்தைந்துக்குள், வீட்டுச் சுமை அதிகமில்லாதவர் என்றால் இரண்டு வருஷம் மொட்டை மாடி சோலார், அப்புறம் எங்கே வேண்டுமானாலும்.

எந்த வாசலானாலும் மெகாவாட்டும் யூனிட்டும் ஒன்றில்லை என்பதை முதல் வாரமே பழகிக்கொள்ளுங்கள். 1 மெகாவாட் நிலையம் ஒரு மணி நேரம் முழுத் திறனில் ஓடினால் 1,000 யூனிட். கமுதியின் 648 மெகாவாட் உச்சி வெயிலில் எட்டக்கூடிய திறன். வருஷச் சராசரி எடுத்தால் சோலார் நிலையங்கள் தங்கள் திறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே தருகின்றன. இதைக் குழப்பாத விண்ணப்பதாரர் வந்தால் எடுப்பவர் நிமிர்ந்து உட்காருவார். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனம் பயிற்சிகள் நடத்துகிறது, பொறியாளர்களுக்கு நடுவே பின்வரிசையில் உட்காரத் தயங்காதீர்கள்.

நேர்காணலுக்குச் சான்றிதழோடு உங்கள் வீட்டு ஈ.பி. பில்லைத் தமிழில் ஒரே பக்கத்தில் விளக்கி எழுதி எடுத்துப்போங்கள். அவர்கள் முடித்ததும் நீங்கள் ஒன்று கேளுங்கள்: கடைசியாக வெளியிட்ட அறிவிப்பில் இருந்த எண்ணை யார் சரிபார்த்தார்கள்? பெயர் சொல்லிப் பதில் வந்தால் நல்ல இடம். சின்னக் கம்பெனியாக இருந்தால், வீடு வீடாகப் போய் வர பெட்ரோல் காசு தனியா, சம்பளத்துக்குள்ளேயா என்பதையும் அன்றைக்கே கேட்டு, வேலைக் கடிதத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.