மேடு எது, இழுத்தது யார்?

அன்புள்ள தம்பி,

எம்.பி.பி.எஸ். முதலாமாண்டு தொடங்கிய கையோடு சீனியரிடம் எலும்பு செட் வாங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். கூடவே ஒரு புலம்பல்: ஃபொராமென், ஃபோசா, ட்யூபர்கிள், ட்யூபராசிட்டி, காண்டைல் என்று பெயர்கள் குவிகின்றன, ராத்திரி படித்தது காலையில் நிற்பதில்லை. நிற்காதுதான். புத்தகத்தை முதலில் விரித்து எலும்பை அப்புறம் எடுக்கிற யாருக்கும் நிற்காது.

எலும்பின் மேலுள்ள அடையாளங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் உண்டு. தசை பற்றி இழுக்கும் இடம் புடைத்துச் சொரசொரக்கும். இன்னொரு எலும்போடு மூட்டாகச் சேரும் இடம் வழவழப்பாக இருக்கும். நரம்போ ரத்தக்குழாயோ ஒட்டிச் சென்றால் பள்ளம், ஊடுருவினால் துளை. ஆகவே ஒரு மேட்டைத் தடவும்போது அதன் பெயரைத் தேடாதே. இங்கே இழுத்தது யார் என்று கேள். பெயர் பின்னால் வரும்.

உன் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார். கெட்டியாகப் புடைத்திருப்பது மாஸ்டாய்டு. பிறந்த குழந்தைக்கு அது இருக்காது. குழந்தை தலையை நிமிர்த்தித் திருப்பப் பழகி, கழுத்துத் தசை இழுக்க இழுக்கத்தான் அது வளர்ந்து வரும். அதுவரை முகநரம்பு மண்டையோட்டிலிருந்து வெளிவரும் இடத்துக்கு மறைப்பு கிடையாது. ஆயுதப் பிரசவத்தில் அந்த இடம் நசுங்கினால் குழந்தையின் முகம் ஒரு பக்கம் கோணிப்போகலாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு மாஸ்டாய்டை நீ மறக்க முடியுமா?

முதல் வாரம் முழுக்க மேற்கை எலும்பான ஹ்யூமரஸ் ஒன்றே போதும். அதில் மூன்று நரம்புகள் எலும்பை ஒட்டிப் போகின்றன: சர்ஜிகல் நெக்கைச் சுற்றி ஆக்சிலரி, நடுத்தண்டின் பின்புறம் ரேடியல், மீடியல் எபிகாண்டைலுக்குப் பின்னால் அல்நார். ரேடியல் பள்ளம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. கண்ணை மூடிக் கட்டைவிரலை மேலிருந்து சரிவாக இறக்கு, பிடிபடும். பிளாஸ்டிக் மாடலில் இந்தப் பள்ளம் மழுங்கியிருக்கும், செயலியில் சுழலும் படத்திலோ தொடவே ஏதுமில்லை. இரண்டுமே எனக்கு உவப்பில்லை. ரேடியல் பள்ளம் உள்ள இடத்தில் கை முறிந்து வருபவருக்கு மணிக்கட்டு தொங்கிப்போனால், காரணம் அந்தப் பள்ளத்தில் இருக்கிறது.

கீழ்முனைக்கு வா. முழங்கையை நீட்டினால் இருபக்கப் புடைப்புகளான எபிகாண்டைல்கள் இரண்டும் முழங்கை முனையான ஓலெக்ரனானும் ஒரே கோட்டில் நிற்கும். மடக்கினால் முக்கோணமாகும். விளையாடும்போது விழுந்து முழங்கை வீங்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எபிகாண்டைல்களுக்கு மேலே முறிந்திருந்தால் அந்த முக்கோணம் குலையாது, மூட்டு விலகியிருந்தால் குலையும். எக்ஸ்ரே வருமுன்பே விரலுக்கு விஷயம் தெரிந்துவிடும். முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுக்கும்போதும் இதே கதைதான். இரு இடுப்பெலும்பு முகடுகளையும் இணைக்கும் கோடு நான்காவது இடுப்பு முள்ளெலும்பைக் காட்டும்.

எலும்புக்குள் ரத்தக்குழாய் நுழையும் துளையான நியூட்ரியன்ட் ஃபொராமெனில் ஓர் ஈர்க்குச்சியை மெதுவாக நுழைத்துப் பார். கை எலும்புகளில் அது முழங்கையை நோக்கிச் சாயும், கால் எலும்புகளில் முழங்காலை விட்டு விலகும். அதிகம் வளரும் முனைக்கு எதிர்த்திசை அது. வைவாவில் கட்டாயம் கேட்பார்கள்.

தசை தொடங்கும் இடத்துக்குச் சிவப்பு, முடியும் இடத்துக்கு நீலம் என்று முன்னவர்கள் வரைந்த கோடுகள் உன் எலும்புகளில் இருக்கும். அப்படியே நம்பிவிடாதே, அட்லஸோடு ஒப்பிட்டுப் பார்.

இன்னொன்று. அந்த எலும்புகள் ஒருவருடையவை, மரியாதையாக வைத்துக்கொள். பளபளப்புக்காக வார்னிஷ் மட்டும் பூசிவிடாதே. மெல்லிய வரம்புகளும் சிறு துளைகளும் அடைபட்டுப் போகும், அடுத்த ஆண்டு உன்னிடம் அவற்றை வாங்கப்போகிறவனுக்குத் தடவிப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

அன்புடன்,
உன் அண்ணன்