முனிக்கில் வீடு தேட: பணத்துக்கு முன் காகிதம்

ஜெர்மனியின் முனிக் நகரில் மாணவருக்கு வாடகை வீடு அமைவதில், எவ்வளவு கொடுக்கத் தயார் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் முழு விண்ணப்பம் போகிறது என்பதே பெரிது. விளம்பரம் வந்த சில மணி நேரத்தில் மனுக்கள் குவியும். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் படிக்க மாட்டார். எனவே பாஸ்போர்ட் நகல், சேர்க்கைக் கடிதம், வருமானச் சான்று, கடன் நம்பகத்தன்மையைக் காட்டும் ஷூஃபா அறிக்கை, நாலு வரி ஜெர்மன் அறிமுகம் அனைத்தையும் ஒரே பிடிஎஃப்பாக முன்பே தயாராக வையுங்கள். புதிதாக வருபவருக்கு ஷூஃபா ஏது? நியாயமான கேள்விதான். மாணவர் விசாவுக்காகப் பணம் போட்டு வைக்கும் பிளாக்டு அக்கவுன்ட்டின் சான்றையோ பெற்றோரின் உத்தரவாதக் கடிதத்தையோ சில வீட்டுக்காரர்கள் ஏற்பார்கள். ஏற்காவிட்டால், முதல் சில மாதங்களுக்கு உள்வாடகை அறை எடுப்பதே புத்திசாலித்தனம். ஆனால் முகவரிப் பதிவுக்கு வேண்டிய கையெழுத்திட்ட சான்று தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

அவசரம்தான், அதற்காக வீட்டைப் பார்க்காமல் பணம் போடாதீர்கள். "வெளிநாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்பினால் சாவி தபாலில் வரும்" என்பது அப்பட்டமான மோசடி. ஹீட்டிங் முதலிய செலவு சேராத வாடகையில் மூன்று மாதத் தொகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கச் சட்டம் இடம் தராது. அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். தரகரை அமர்த்தியவர் வீட்டுக்காரர் என்றால், 2015 முதல் கமிஷன் அவர் பொறுப்பு. பல்கலைக்கழகத்தைச் சுற்றியே தேடவும் வேண்டாம்: தள்ளி இருந்தாலும் வந்துபோகலாம், யு6 மெட்ரோ ரயில் வடக்கே ஃப்ரைமன் வழியாக கார்ஷிங் வரை போகிறது.