18 அடிக்கு மேல் வேண்டாம்

படகும் கடலும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் உப்புவெளியில் இருக்கிறேன், அரச ஊழியன். மனைவி, 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள், அம்மா என்று வீட்டில் ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் திருகோணமலை உட்துறைமுகத்திலும் தம்பலகாமக் குடாவிலும் சுற்றிவர, தூண்டில் போட, சொந்தமாக ஒரு படகு வாங்க ஆசை. மூதூருக்கும் புறாத்தீவுக்கும் ஒருநாள் போகவேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தெரிந்த ஒருவர் 14 அடி பைபர் படகு ஒன்றை மலிவாகத் தருகிறேன் என்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவோ, "சின்னதை வாங்கிப்போட்டுப் பிறகு மாத்தாதை. 23 அடியை எடு, 40 குதிரைவலு எஞ்சினைப் போடு, காசு நான் அனுப்புறன்" என்கிறார். சிம்கோ ஏரியில் அவருடைய கூட்டாளி வைத்திருக்கும் பொன்டூன் படகின் படமும் அனுப்பியிருக்கிறார். எதை வாங்க?
– வாசகர், உப்புவெளி

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் வீட்டுக்கு 18 அடி நீளம், 6 அடிக்குக் குறையாத அகலம், 25 குதிரைவலு எஞ்சின். இதுதான் என் முடிவு. அண்ணாவுக்கும் காரணம் சொல்லவேண்டியிருக்கும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் ஒரே மூச்சில் எழுதியிருக்கும் இடங்களில் தண்ணீர் ஒரே மாதிரி இல்லை. உட்துறைமுகத்தைச் சுற்றிவர மேடும் மலையும் காக்கின்றன. வெளியே அலை அடிக்கும் நாளிலும் உள்ளே குளம் மாதிரிக் கிடக்கும். காலை வேளையில் 14 அடிப் படகுக்கே அந்த அமைதி போதும். ஆனால் கரையை விட்டு விலகியதுமே ஆழம். சீனன்குடாவுக்கு வரும் எண்ணெய்க் கப்பலும், மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பலும், கடற்படையின் வேகப் படகுகளும் எழுப்பிவிடும் அலை, சிறிய படகைப் பக்கவாட்டில் தூக்கிப்போடும்.

தம்பலகாமக் குடா இதற்கு நேரெதிர். ஆழம் குறைவு, அடியில் சேறு, ஓரமெல்லாம் கண்டல். முன்பு முத்துக்காக அள்ளப்பட்ட தட்டைச் சிப்பி விளைந்த இடம் அது. எஞ்சினின் காலைத் தூக்கி ஓட்டத் தெரியாதவர் அங்கே சேற்றில் நிற்பார். பெரிய படகு சேற்றில் குந்திவிட்டால் இறங்கித் தள்ளவும் முடியாது. கிண்ணியாப் பாலத்துக்குக் கீழே, குடாவின் வாயில் நீர் ஓடும் வேகத்தைப் பாலத்தில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். எங்கள் கடலில் ஏற்றவற்று அதிகமில்லை, ஆனாலும் ஒடுக்கமான வாயில் இழுவை பலமாகவே இருக்கும்.

மூதூருக்குப் போகக் கடக்கவேண்டிய கொட்டியாரக் குடா வேறு சங்கதி. கிழக்கே திறந்த கடல். மூதூர்ப் பக்கத்தில் மகாவலி வந்து விழுகிறது. ஆறு கொண்டுவரும் மணல் திட்டுத்திட்டாக இடம் மாறிக்கொண்டே இருக்கும். காற்று ஏறினால் கிட்டக்கிட்ட, செங்குத்தாக அலை எழும். 14 அடிப் படகின் அணியம் ஒரு அலையிலிருந்து இறங்கும்போதே அடுத்த அலைக்குள் குத்தும். 18 அடி நீளம் இரண்டு அலைகளின் முதுகில் படுத்துப் போகும். நாலு அடி கூடினால் கிடைக்கும் வித்தியாசம் இதுதான்.

இப்போது காற்று. புதிதாகப் படகு வாங்குகிறவர்கள் வாடைக்குத்தான் பயப்படுகிறார்கள். வாடையில் கடல் கொந்தளிப்பது கண்ணுக்குத் தெரியும், குடும்பத்தோடு யாரும் இறங்கமாட்டார்கள். எனக்குப் பயம் சோழகம்தான். மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் கரை அழகாக இருக்கும், உல்லாசப் பயணிகளும் அப்போதுதான் வருவார்கள். ஆனால் அந்தக் காலத்துக் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. கரையோரம் தண்ணீர் தட்டையாக இருக்கும், கொஞ்சம் வெளியே போனால் வெள்ளை நுரை. எஞ்சின் நின்றுபோனால் படகு கரைக்கு ஒதுங்காது, வங்காள விரிகுடாவை நோக்கிப் போகும். அதுவும் பகல் ஏற ஏறக் காற்றும் ஏறும். காலை ஏழு மணிக்குப் புறப்படும்போது எந்தப் படகும் நல்ல படகாகத்தான் தெரியும். பிற்பகல் இரண்டு மணிக்கு எதிர்க்காற்றில், களைத்த பிள்ளைகளோடு திரும்புவதற்கு எது வேண்டும் என்று பார்த்து வாங்குங்கள்.

ஆட்கணக்குக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. அமெரிக்கக் கரையோரக் காவல்படை 20 அடிக்கு உட்பட்ட சாதாரணப் படகுகளுக்குச் சொல்லும் கணக்கு: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி, 15 ஆல் வகுக்க வேண்டும். 14 அடி நீளமும் 5 அடி அகலமும் என்றால் 70. அதை 15 ஆல் வகுத்தால் நாலு பேர். உங்கள் வீட்டில் ஒருவர் கரையில் நிற்கவேண்டும். 16 அடிக்கு ஐந்தரை என்றால் ஐந்து பேர், மட்டுமட்டு. 18 அடிக்கு 6 என்றால் ஏழு பேர். அதுவும் அமைதியான தண்ணீருக்கு, ஆளுக்கு 68 கிலோ என்று வைத்துச் சொன்ன கணக்கு. கொட்டியாரக் குடாவில் அதிலிருந்து இரண்டு பேரைக் கழியுங்கள். ஐந்து வருகிறது. பிள்ளைகளை அரை ஆளாக எண்ணாதீர்கள். ஓரிடத்தில் இருக்காத ஆறு வயதுப் பிள்ளை, அசையாமல் இருக்கும் பெரியவரை விடப் படகுக்குப் பாரம்.

அப்படியானால் 23 அடி இன்னும் நல்லதுதானே என்று அண்ணா கேட்பார். தொழில் செய்கிறவர்களுக்கு நல்லதுதான். வலையும் ஐஸும் மீனும் ஏற்றுவதற்கான படகு அது. உள்ளே பாரம் இல்லாவிட்டால் தண்ணீரில் உயர்ந்து நின்று காற்றில் பக்கவாட்டில் வழுக்கும். 40 குதிரைவலு எஞ்சினை முழுவேகத்தில் ஓட்டினால் மணிக்கு ஏறத்தாழ 18 லீற்றர் குடிக்கும். 25 க்கு அது 11, 12 லீற்றரோடு நிற்கும். 2022 இல் கியூஆர் குறியீட்டோடு எரிபொருள் வரிசையில் நின்ற நாடு இது. இரண்டு மாதத்தில் செலவைப் பார்த்துப் படகைக் கரையில் போட்டுவிடுவீர்கள். எரிபொருளைப் பொறுத்தவரை, மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு கையிருப்பு என்று வையுங்கள். 15 குதிரைவலு போதாதா என்றால், ஐந்து பேரோடு படகு எழும்பி ஓடாது, அணியத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதுகொண்டு போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கரையில் யார் இழுப்பது? உப்புவெளிக் கரை வாடைக்கு நேரே திறந்து கிடக்கிறது. ஒக்டோபர் கடைசியில் படகை மேலே ஏற்றியே ஆகவேண்டும். 18 அடிப் படகை எஞ்சினைக் கழற்றிவிட்டு, உருளைக் கட்டை வைத்து, அயலில் நாலைந்து பேரைக் கூப்பிட்டு ஏற்றிவிடலாம். கெப் வாகனம் வைத்திருக்கும் ஒருவரின் உதவியோடு இழுவை வண்டியில் வீட்டு முற்றத்துக்கே கொண்டுபோகலாம். 23 அடிக்கு ஒரு ஊரே வரவேண்டும்.

பொன்டூன் படகைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நீண்ட மிதவைகளின் மேல் தட்டையான தளம், நாற்காலி, நிழல் எல்லாம் உள்ள அருமையான படகு. மூடிய ஏரிக்கு. திறந்த குடாவின் அலை அந்தத் தளத்தின் முன்பக்கத்தில் ஏறினால் வடிந்துபோகும் வரை படகு தலை குனிந்தே நிற்கும். ஆனால் அண்ணாவிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். கனடாவில் மோட்டார் படகு ஓட்டுகிறவரிடம் தகுதி அட்டை இருக்கவேண்டும், ஏறுகிற ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவில் உயிர்காப்பு அங்கி படகில் இருக்கவேண்டும். அந்தப் பழக்கத்தை இங்கே அனுப்பச் சொல்லுங்கள்.

பழைய படகு வாங்குவதானால் வேறொரு கவனம் வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு உதவிப் பணத்தில் அவசரமாகக் கட்டிய பைபர் படகுகள் பல தரமற்றவை என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமே அந்தக் காலத்தில் எச்சரித்தது. ஆகவே பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். எஞ்சின் பூட்டும் பின்பலகையில்தான் முதலில் கை வையுங்கள். எஞ்சினின் காலைப் பிடித்து மேலும் கீழும் பலமாக ஆட்டும்போது பலகை அசைந்தால், அல்லது அது உடலோடு சேரும் மூலையில் மயிரிழை போல வெடிப்புத் தெரிந்தால், உள்ளே இருக்கும் ஒட்டுப்பலகை ஊறிப்போயிருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் அங்கே தண்ணீர் புகுந்திருக்கிறது.

பிறகு இடுப்பளவு தண்ணீருக்குப் படகைத் தள்ளிக்கொண்டு போய், எஞ்சின் இல்லாமல், முழுக்கத் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மிதவைப் பெட்டிகள் நல்லபடி இருந்தால் விளிம்பு தண்ணீருக்கு மேல் நிற்கும், பிடித்துக்கொண்டு மிதக்கலாம். தாழ்ந்தால் எத்தனை மலிவானாலும் விட்டுவிடுங்கள். விற்கிறவர் சம்மதிக்காவிட்டால் அதுவே பதில். கடைசியாக, வீட்டில் எல்லாரையும் ஏற்றிக் கரையோரம் கட்டியபடி ஒரே பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அந்தப் பக்க விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு சாணாவது மிஞ்சவேண்டும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். படகு வந்ததும் மச்சான் வருவார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள், கொழும்பிலிருந்து விருந்தினர் வருவார்கள். "இன்னும் ஒராள்தானே" என்பார்கள். 2021 நவம்பர் 23 ஆம் திகதி காலையில் குறிஞ்சாக்கேணியில் நடந்ததை இந்த மாவட்டத்தில் மறந்தவர் இல்லை. பாலம் கட்டி முடியாத காலம். மிதப்புப் பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட ஆறு உயிர்கள் அன்றே போயின. அது பெருங்கடல் இல்லை, புயல் நாளும் இல்லை. கரை கண்ணுக்கெதிரே இருந்தது. ஆகவே வாங்கிய அன்றே படகின் உட்பக்கத்தில் "ஐந்து பேர்" என்று பெயின்ட்டால் எழுதிவிடுங்கள். வாயால் மறுப்பதை விட எழுத்தைக் காட்டி மறுப்பது உறவுக்குள் இலகு.

பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் அங்கியைப் போடாதீர்கள். தண்ணீரில் அங்கி மேலே மிதக்கும், பிள்ளை கீழே வழுக்கும். பிள்ளையின் அளவில், கால்களுக்கிடையே வார் உள்ளதாக வாங்கிப் பூட்டிவிட்டு, தோளில் பிடித்து நேராகத் தூக்கிப் பாருங்கள். அங்கி காதுக்கு மேலே ஏறினால் அளவு பெரிது. அம்மாவுக்கும் சேலைக்கு மேலேயே போட்டுவிடுங்கள். எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிறு ஓட்டுகிறவரின் கையிலோ இடுப்பிலோ இருக்கட்டும். இரண்டு துடுப்பும், நங்கூரமும், நீளமான கயிறும் படகிலேயே கிடக்கட்டும். சோழகத்தில் எஞ்சின் நின்றால் முதல் வேலை நங்கூரத்தைப் போடுவது, பிறகுதான் எஞ்சினைத் திறப்பது.

புறாத்தீவுக்கு மட்டும் சொந்தப் படகில் போகவேண்டாம். 2003 முதல் அது தேசியப் பூங்கா, வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கையில் இருக்கிறது. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான். அனுமதிச் சீட்டு எடுத்து, அங்கே வழக்கமாக ஓடும் படகிலேயே போங்கள். இடம் தெரியாதவர் போடும் ஒரு நங்கூரம் பல வருடம் வளர்ந்த முருகைக்கல்லை உடைத்துவிடும். உட்துறைமுகத்திலும் கடற்படைத் தளத்தை அண்டிய பகுதிகளுக்குள் போகமுடியாது. எல்லை எது, எங்கே கட்டலாம், எங்கே பதிவு என்பதைக் காசு கொடுப்பதற்கு முன்பே துறைமுக அதிகாரசபையிடமும் கடற்படையிடமும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களுக்குக் கடல் வேண்டாம். கந்தளாய்க் குளத்தில் மட்டும் நாலு பேர் போய்வர 18 அடி தேவையா?
– வாசகி, கந்தளாய்

பதில்: தேவையில்லை. 14 அடி, தட்டையான அடி, அகலம் 5 அடிக்குக் குறையாமல். ஆழமில்லாத ஓரத்துக்கும் அதுதான் வசதி. முதலில் துடுப்பாலேயே பழகுங்கள். எஞ்சின் வேண்டுமானால் சிறியது போதும். குளத்தின் நீர் ஆண்டு முழுக்க ஒரே மட்டத்தில் நிற்காது. ஓகஸ்ட், செப்டெம்பரில் வயலுக்குத் திறந்து திறந்து வற்றும்போது, மாரியில் தாராளமாகக் கடந்துபோன இடத்தில் பட்ட மரத்தின் அடிக்கட்டை ஒரு முழம் கீழே நிற்கும். மெதுவாகப் போகும் படகுக்கு அது தட்டல், வேகமாகப் போகும் படகுக்கு ஓட்டை. அணைக்கட்டின் மதகுப் பக்கம் ஒருபோதும் அண்ட வேண்டாம். முதலை உள்ள குளங்களில் பிள்ளைகள் கையைத் தண்ணீரில் விட்டபடி வரவும் விடாதீர்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அனுமதி முதலில்.

கேள்வி: படகு வாங்க எந்த மாதம் நல்லது?
– வாசகர், மூதூர்

பதில்: பெப்ரவரி கடைசி அல்லது மார்ச். வாடை ஓய்ந்து, கடல் அடங்கத் தொடங்கும் காலம். ஏப்ரலில் ஓட்டிப் பழகலாம், சோழகம் பலப்படுவதற்குள் கை தேறிவிடும். ஒக்டோபரில் வாங்கினால் நாலு மாதம் கிடுகுக்குக் கீழேதான் கிடக்கும்.