மனசில் பாரம் இருந்தால் கால் தடுமாறும்



நம் குழுக்களில் சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். பலருடைய வீட்டுக்காரர் கொத்தனாராகவோ கம்பி கட்டுபவராகவோ இருக்கிறார். வேலையிடத்தில் ஒருவருக்கு அடிபட்டால், "கவனமில்லாம இருந்துட்டா" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தக் கவனம் ஏன் போனது என்று கேட்பதில்லை. இந்த மாதப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

கவனம் எங்கே போகிறது?

நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாது. சனிக்கிழமை வர வேண்டிய கூலி பாக்கி. தளம் போடும் நாளில் மேஸ்திரியின் அவசரமும் ஏச்சும். வீட்டில் கடன். இதையே யோசித்து இரவுத் தூக்கம் போகிறது. தூக்கம் கெட்டவருக்கு மறுநாள் ஆபத்தைக் கண்டு சுதாரிக்கத் தாமதமாகும். தலையில் செங்கல் சுமந்து சாரத்துப் பலகையில் நடக்கும்போது, கால் தவற ஒரு நொடி போதும்.

பெண்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. கழிப்பறை இல்லாத இடத்தில் தண்ணீர் குடிக்காமலே பொழுதை ஓட்டுகிறோம். வெயிலில் தலைசுற்றல் வரும். சொன்னால் வேலை போய்விடுமோ என்று அதையும் மறைக்கிறோம்.

வேலையும் கெடும்

செங்கல் கட்டுக்கு 1 பங்கு சிமெண்டுக்கு 6 பங்கு மணல் போடச் சொல்லியிருப்பார்கள். மனசு வேறெங்கோ இருந்தால் சட்டிக் கணக்கு தப்பும். கட்டியதை இடிக்க நேரும், கூலியில் பிடிப்பார்கள். கவலை இன்னும் கூடும்.

குழு என்ன செய்யலாம்?

1. கூட்டத்தில் கணக்கு எழுதுவதற்கு முன்பு, "கூலி வந்துச்சா? நல்லா தூங்குறியா?" என்று கேளுங்கள்.

2. காய்ச்சலோடு சாரம் ஏறுகிற சகோதரி நம் குழுத் தவணைக்குப் பயந்தும் ஏறுகிறார். கூலி வராதபோது உள்கடன் தவணையைத் தள்ளி வைக்கக் குழுவில் பேசித் தீர்மானம் எழுதுங்கள். கந்துவட்டிக்குப் போகும் நிலையும் குறையும்.

3. குடிநீர், கழிப்பறை, தலைக்கவசம், சாரத்துக்குக் கைப்பிடி ஆகியவற்றை ஒரே இடத்தில் வேலை செய்பவர்கள் சேர்ந்து கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால் பயம் குறையும்.

4. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994-ல் ஏற்பட்டது. விபத்து, கல்வி, ஓய்வூதியம் போன்ற உதவிகள் இதில் உண்டு. பதிவு இல்லாதவர்கள் உடனே பதியுங்கள், பதிந்தவர்கள் புதுப்பிக்கத் தவறாதீர்கள்.

5. துக்கம் தாங்க முடியவில்லை, பல நாளாகத் தூக்கமே இல்லை என்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசின் இலவச மனநல உதவி இது. தமிழிலேயே பேசலாம்.

கூட்டத்தில் விவாதிக்க

* நம் குழுவில் கட்டிட வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? நலவாரியத்தில் பதிந்தவர்கள் எத்தனை பேர்?
* கூலி பாக்கி உள்ள சகோதரிக்கு இந்த மாதம் என்ன செய்யப் போகிறோம்?

பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். அடிபட்ட பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதைவிட, அதற்கு முன்பே அவர் கவலையைக் காது கொடுத்துக் கேட்பது நல்லது.