ஆற்றைத் தாண்டிய சேவலும் கோழியும்

கேள்வி: என் மகன் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். நண்பர்களோடு சேர்ந்து வீட்டிலேயே ‘ஹைபிரிட் ராக்கெட் மோட்டார்’ செய்யப்போவதாகச் சொல்கிறான். சொந்தமாக ராக்கெட் செய்கிற இந்தப் பைத்தியம் எங்கிருந்து கிளம்பியது? நம் நாட்டில் இதற்கு முன்னோடி யாராவது உண்டா?
— ஒரு வாசகி, லேக் மார்க்கெட், கொல்கத்தா

பதில்: முன்னோடியைத் தேடி நீங்கள் அமெரிக்கா வரை போக வேண்டாம். உங்கள் ஊர்க்காரர்தான். பெயர் ஸ்டீபன் ஹெக்டர் டெய்லர்-ஸ்மித். சுருக்கமாக ஸ்டீபன் ஸ்மித். 1891-ல் ஷில்லாங்கில் பிறந்த ஆங்கிலோ-இந்தியர். ஆசன்சோல் செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளியில் படிக்கிற காலத்திலேயே வாணத்தில் பல்லியை ஏற்றி, பள்ளி நீச்சல் குளத்துக்கு மேலே பறக்கவிட்ட பையன். வளர்ந்த பிறகு கல்கத்தாவில் சுங்கத்துறை வேலை, அப்புறம் போலீஸ், கடைசியாகப் பல் வைத்தியம். இந்த வரிசையில் விஞ்ஞானம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அவரை ராக்கெட் பக்கம் இழுத்து வந்தது தபால்தலை. 1911 பிப்ரவரி 18-ம் தேதி அலகாபாத்தில் ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் சுமார் 6,500 கடிதங்களை விமானத்தில் ஏற்றிக்கொண்டு யமுனையைக் கடந்து நைனியில் இறங்கினார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அது. அப்போது ஸ்மித்துக்கு வயது இருபது. விமானத் தபால் உறைகளைச் சேர்க்கும் பித்து அவரைப் பிடித்துக்கொண்டது. பின்னாளில் இந்திய விமானத் தபால் சங்கத்தின் செயலாளரும் ஆனார். 1931-ல் ஆஸ்திரியாவில் ஃப்ரெட்ரிக் ஷ்மீடில் என்பவர் ஒரு மலையிலிருந்து ராக்கெட்டில் 102 கடிதங்களை அனுப்பிக் காட்டினார். அதற்குப் பிறகு ஸ்மித் சும்மா இருக்கவில்லை.

1934 செப்டம்பர் 30. ஹூக்ளி கடலில் கலக்கும் இடத்தில், ஒரு கப்பலிலிருந்து சாகர் தீவை நோக்கி முதல் ராக்கெட்டை விட்டார். அது நடுவானில் வெடித்துக் கடிதங்கள் சிதறின. பெரும்பாலானவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டார்கள். கருகின உறைகளுக்கு இன்று சேகரிப்பாளர்களிடம் கிராக்கி அதிகம் என்பது வேறு விஷயம்.

அவருடைய ராக்கெட்டுகள் அடிப்படையில் வாணங்கள்தான். வெடியுப்பு, கந்தகம், கரி. கல்கத்தாவில் தீபாவளிக்கும் காளி பூஜைக்கும் பட்டாசு செய்தவர்களின் கைத்திறன்தான் அதற்குள்ளும் இருந்தது. ராக்கெட் எவ்வளவு உயரம் போகும் என்று ஐரோப்பாவில் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஸ்மித்துக்கு அந்தக் கவலையே கிடையாது. அது எதைச் சுமந்துகொண்டு எந்தக் கரையில் இறங்கும் என்பதுதான் அவருக்கு முக்கியம். ஆறுகள் பெருகிப் பாலங்கள் அறுந்துபோகிற வங்காளத்தில் வாழ்ந்த மனிதருக்குத் தோன்றக்கூடிய கேள்வி. விண்வெளி வரலாற்றை எழுதுகிறவர்கள் அவரை ஒரு வேடிக்கை மனிதராக ஓரம் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

1935-ஐ மட்டும் பாருங்கள். ஏப்ரலில் சிக்கிமுக்குப் போனார். மலை சரிந்தால் தபால் நின்றுபோகும் ஊர் அது. மகாராஜா தாஷி நம்கியால் ஆதரவு கொடுத்தார். கடிதம் போதாதென்று அங்கே பார்சலையும் ராக்கெட்டில் ஏற்றி அனுப்பினார். மே 31-ம் தேதி குவெட்டாவைப் பூகம்பம் தரைமட்டமாக்கியது. ஒரு வாரத்துக்குள், ஜூன் 6-ம் தேதி, ரூப்நாராயண் ஆற்றங்கரையில் நிற்கிறார் ஸ்மித். அரிசி, தானியம், மசாலா, கூடவே பீடி, எல்லாம் ராக்கெட்டில் அக்கரை போய்ச் சேர்ந்தன. இடிந்துபோன ஊருக்கு நிவாரணம் அனுப்ப முடியுமா என்ற ஒத்திகை. பீடியை மறக்காமல் வைத்தாரே, அங்கேதான் மனிதர்களைத் தெரிந்தவர் என்று தெரிகிறது.

அதே ஜூன் 29-ல் தாமோதர் ஆற்றைத் தாண்டிப் பறந்தவர்கள் ஒரு சேவலும் ஒரு கோழியும். பெயர் ஆதாம், ஏவாள். இருவரும் உயிரோடு இறங்கினார்கள். கல்கத்தாவில் ஒரு தனியார் மிருகக்காட்சி சாலையில் அவர்களுக்கு இடமும் கிடைத்தது. இன்னொரு முறை ஒரு பாம்பும் ஓர் ஆப்பிளும் பறந்தன. ஏதேன் தோட்டத்தை முழுதாகக் கடத்திவிடுவது என்று தீர்மானித்திருந்தார் போலும்.

1944 வரை சுமார் 270 ராக்கெட்டுகள். அவற்றில் குறைந்தது எண்பது, தபால் சுமந்தவை. ‘ராக்கெட்கிராம்’ என்று அச்சிட்ட சீட்டுகளும் உறைகளும் சேகரிப்பாளர்களிடம் போயின. 1951-ல் கல்கத்தாவிலேயே காலமானார். 1992-ல் இந்தியத் தபால்துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

கேள்வி: சரி, ‘ஹைபிரிட்’ என்பது எப்படி வந்தது? அது வாணம் மாதிரி வெடிக்காதாம், மகன் சத்தியம் செய்கிறான்.

பதில்: பாதி உண்மை. வாணத்தில் எரிபொருளும் அதற்கு ஆக்சிஜன் தரும் வெடியுப்பும் ஒன்றாக இடித்துக் கலந்திருக்கும். பற்றிக்கொண்டால் நிறுத்த வழியில்லை. செய்யும்போது ஒரு பொறி பட்டாலும் அதே கதிதான். சிவகாசிச் செய்திகள் படிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஹைபிரிட்டில் இரண்டையும் பிரித்துவிடுகிறார்கள். நடுவே துளைவிட்ட ரப்பர் அல்லது மெழுகு உருளை ஒரு குழாயில். ஆக்சிஜன் தரும் திரவமோ வாயுவோ மேலே தொட்டியில். இடையில் வால்வு. வால்வை மூடினால் நெருப்பு அடங்கும். ரப்பரை மட்டும் அலமாரியில் வைத்திருந்தால் அது வெறும் ரப்பர்.

இதை முதலில் பறக்கவிட்டவர்கள் ரஷ்யர்கள். அவர்களும் அப்போது ஏறக்குறைய பொழுதுபோக்குக் கூட்டம்தான். மாஸ்கோவில் கூடி வேலை செய்த ஆர்வலர் குழு. மிகைல் டிகோன்ராவோவ் வடிவமைத்த ‘கிர்த்-09’ ராக்கெட், 1933 ஆகஸ்ட் 17-ம் தேதி நகாபினோ என்ற இடத்தில் 400 மீட்டர் எழும்பியது. குழுத் தலைவர் செர்கேய் கொரோலியோவ், பிற்காலத்தில் ஸ்புட்னிக்கை அனுப்பியவர். எரிபொருள், பெட்ரோலில் பைன் மரப் பிசின் சேர்த்துக் கூழாக்கியது. எரிய வைத்தது திரவ ஆக்சிஜன். சாகர் தீவில் ஸ்மித்தின் முதல் வாணம் வெடிப்பதற்கு ஓராண்டு முன்பு நடந்தது இது.

1937-ல் ஜெர்மனியில் நிலக்கரியையும் நைட்ரஸ் ஆக்சைடையும் சேர்த்து மோட்டார் ஓட்டிப் பார்த்தார்கள். நிலக்கரி தோற்றது, நைட்ரஸ் ஆக்சைடு நிலைத்தது. இன்று பொழுதுபோக்காகச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் நம்புவது அந்த வாயுவைத்தான். 1772-ல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டுபிடித்த ‘சிரிப்பு வாயு’. 1844-ல் ஹோரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் அதை முகர்ந்துகொண்டு தன் பல்லையே பிடுங்கச் சொன்னார். பல் வைத்தியர் ஸ்மித்தின் தொழிலுக்குப் பக்கத்திலேயே இந்த வாயு இருந்தது. ஆனால் அவர் ராக்கெட்டுகளைத் தூக்கியது முக்கியமாக வெடிமருந்துதான்.

ரப்பருக்கு ஒரு குறை: மெதுவாக எரியும், தள்ளுவிசை போதாது. 1990-களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மெழுகைப் போட்டுப் பார்த்தார்கள். உருகிய மெழுகின் மேற்பரப்பை மேலே ஓடும் வாயு துளித்துளியாக வாரிக்கொண்டு போவதால் மூன்று, நான்கு மடங்கு வேகமாக எரிந்தது.

இந்தியாவில் இந்த வகைக்கு இப்போதைய முகவரி சென்னை. ‘ஸ்பேஸ் சோன் இந்தியா’ நிறுவனம் 2024 ஆகஸ்ட் 24-ம் தேதி காலை திருவிடந்தையிலிருந்து ‘ரூமி-1’ என்ற ஹைபிரிட் ராக்கெட்டைச் சிறு செயற்கைக்கோள்களோடு ஏவியது. அதற்கு முந்தைய வருடம் பிப்ரவரியில் பட்டிப்புலத்தில் மாணவர்கள் செய்த குட்டிச் செயற்கைக்கோள்கள் போனதும் ஹைபிரிட்டில்தான்.

கேள்வி: அப்படியானால் மொட்டை மாடியில் செய்ய அனுமதிக்கலாமா?

பதில்: கூடாது. நைட்ரஸ் ஆக்சைடு தானாகவே சிதைந்து வெப்பம் கக்கக்கூடியது. 2007 ஜூலையில் கலிஃபோர்னியாவின் மொஹாவியில், தீயே மூட்டாமல் அந்த வாயுவைக் குழாயில் செலுத்திப் பார்த்த சோதனையில் தொட்டி வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. 2004-ல் ஹைபிரிட் மோட்டாரோடு விண்வெளியைத் தொட்ட ‘ஸ்பேஸ்ஷிப்ஒன்’ விமானத்தைக் கட்டிய நிறுவனத்தார்.

கொல்கத்தாவுக்கென்று தனியாக ஒரு சிக்கலும் உண்டு. இந்த வாயு 36.4 டிகிரி செல்சியஸுக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக இருக்காது. 20 டிகிரியில் தொட்டிக்குள் சுமார் 50 மடங்கு வளிமண்டல அழுத்தம்; 36-ஐ எட்டும்போது 70-ஐத் தாண்டும். உங்கள் ஊர் மே மாதத்து வெயிலில் தகரக் கொட்டகைக்குள் சிலிண்டர் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள்.

சட்டமும் வழியில் நிற்கிறது. வெடிமருந்தை 1884-ன் வெடிபொருள் சட்டம் பிடிக்கும்; சிலிண்டரை 2016-ன் வாயு சிலிண்டர் விதிகள் பிடிக்கும்; டம்டம் விமான நிலையத்தை வைத்துக்கொண்டு எதையும் மேலே விட வான்வெளி அனுமதி வேறு வேண்டும். ஆகவே கல்லூரி ஆய்வகம், பேராசிரியர் ஒருவரின் பொறுப்பு, மோட்டாரைத் தரையில் கட்டிவைத்துத் தள்ளுவிசையை மட்டும் அளக்கும் சோதனை, சுவருக்கு அப்பால் நின்று இயக்கும் வால்வு. இவ்வளவுக்கும் மகன் சம்மதித்தால் நீங்களும் சம்மதியுங்கள். சோதனையை டிசம்பர், ஜனவரிக் காலைகளில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.