பந்து வட்டத்துக்குள் வந்துவிட்டால்...



கேமரன் மலைத் தோட்டங்களில் சமதரை கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்த கொஞ்சம் இடத்தில்தான் நம் பிள்ளைகள் சாஃப்ட்பால் பழகுகிறார்கள். அடித்த பந்து தேயிலைச் செடிக்குள் போனால் தேடி எடுப்பதற்குள் மூடுபனி இறங்கிவிடும்.

பள்ளிகளுக்கிடையே நடந்த ஓர் ஆட்டம். மூன்றாம் பேஸில் நம் தோட்டத்துப் பிள்ளை. பந்து பிட்சரிடம் திரும்பி வந்துவிட்டது. பிள்ளை பேஸை விட்டு நாலடி தள்ளி நின்று, ஓடலாமா, திரும்பலாமா என்று யோசித்தாள். நடுவர் கையைத் தூக்கி ‘அவுட்’ என்றார். கரையில் இருந்தவர்கள் அநியாயம் என்று கத்தினார்கள். அவள் என்னிடம் வந்து, “அண்ணே, யாருமே என்னைத் தொடலையே?” என்று அழுதாள். நடுவர் செய்தது சரி. அந்த விதியை அவளுக்குச் சொல்லிக் கொடுக்காதது நான்தான். அதனால்தான் இந்தப் பாடம்.

பேஸ்பாலில் ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் 90 அடி. ஓட்டக்காரர் முன்கூட்டியே பேஸை விட்டுத் தள்ளி நிற்கலாம். பிட்சரும் திடீரெனத் திரும்பி அந்தப் பேஸுக்கு எறிந்து பிடிக்கப் பார்க்கலாம். சாஃப்ட்பாலில் அந்தத் தூரம் 60 அடிதான். இதில் முன்கூட்டியே ஓடவிட்டால் பேஸ் திருடுவது மிகச் சுலபமாகிவிடும். ஆகவே பிட்சர் கையை விட்டுப் பந்து கிளம்பும்வரை ஓட்டக்காரரின் கால் பேஸில் இருக்க வேண்டும். முந்தினால் அவர் அவுட். அந்த வீச்சும் கணக்கில் சேராது. (மெதுவாக வீசும் ஆட்டத்துக்கு வேறு விதி. நான் சொல்வது வேகப்பந்து முறைக்கு.)

இப்போது அந்த வட்டத்துக்கு வருவோம். பிட்சர் நிற்கும் பலகையைச் சுற்றி 8 அடி ஆரத்தில் ஒரு வட்டம் போட்டிருக்கும். பந்தைக் கையில் பிடித்தபடி பிட்சர் அதற்குள் இருந்தால், பேஸுக்கு வெளியே இருக்கும் ஓட்டக்காரர் உடனே முடிவு எடுக்க வேண்டும்: ஒன்று முன்னால் போகணும், இல்லை திரும்பணும். முடிவெடுத்த பிறகு திசையை மாற்றக் கூடாது. தயங்கி நின்றால் யாரும் தொடாமலே அவுட். பேஸில் நிற்பவரும் அந்த நேரத்தில் காலை எடுக்கக் கூடாது.

ஆனால் பிட்சர் யாரையாவது பிடிக்க முயன்றால், எறிவது போலக் கையை ஓங்கினால்கூட, ஓட்டக்காரருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் பிட்சர்களுக்கும் ஒரு வார்த்தை: வட்டத்துக்குள் பந்தோடு சும்மா நில்லுங்கள். பயமுறுத்துகிறேன் என்று கையை ஆட்டினால் கட்டிப் போட்ட ஓட்டக்காரரை நீங்களே அவிழ்த்து விடுகிறீர்கள்.

வீசுவதற்கும் முறை உண்டு. முதலில் இரண்டு கையும் சேர்ந்து பந்தோடு அசையாமல் ஒரு நிறுத்தம். பிறகு கை கீழ்வழியாக, இடுப்புக்குக் கீழே வந்து பந்தை விட வேண்டும். நிறுத்தாமல் வீசினால் அது தவறான வீச்சு. அடிப்பவருக்கு ஒரு ‘பால்’ கிடைக்கும். பெண்கள் ஆட்டத்தில் பிட்சருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 43 அடிதான். பந்து வந்து சேர அரை நொடிகூட ஆகாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவெனோ இரண்டே நாளில் 413 பந்துகள் வீசித் தங்கம் வாங்கித் தந்தார். நம் பிள்ளைகளை அப்படி வீசச் சொல்லாதீர்கள், தோள் போய்விடும்!

சரிவான திடலுக்கு முக்கியமான இன்னொன்று. தடுப்பவர் எறிந்த பந்து எல்லையைத் தாண்டிச் செடிக்குள் உருண்டுவிட்டால், எறிந்த நொடியில் ஓட்டக்காரர் எங்கே இருந்தாரோ அங்கிருந்து இரண்டு பேஸ். பிட்சர் வீசிய பந்தே அப்படிப் போனால் ஒரு பேஸ். எந்த வரிசைச் செடி எல்லை என்பதை ஆட்டம் தொடங்குமுன் நடுவரிடம் பேசி முடித்துவிடுங்கள்.

பயிற்சிக்குச் செலவே இல்லை. 8 அடிக் கயிறு, ஒரு முளைக்குச்சி, கொஞ்சம் சுண்ணாம்பு இருந்தால் வட்டம் தயார். ஒருவர் பந்தோடு வட்டத்துக்குள் வரட்டும், மூன்று பேர் மூன்று பேஸிலிருந்து நாலடி தள்ளி நிற்கட்டும். பந்து உள்ளே வந்ததும் “போ” அல்லது “திரும்பு” என்று அவரவரே சத்தமாகச் சொல்லி ஓட வேண்டும். வாயைத் திறக்காமல் நிற்பவர் அவுட்.